தும்பைச்செவலில் மட்டும் முடியாத ஆட்டம்

தும்பைச்செவலில் ஒருவர் செத்துப்போனால், டாக்டர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கியதும், வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டதும், பந்தல்காரர் வந்து மூங்கில் ஊன்றியதும்கூடக் கணக்கில் வராது. சங்கையா தன் ஆட்டோவின் தலையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேலத்தெரு, கீழத்தெரு, பஜார், காலனி என்று ஒரு சுற்று வந்து, இன்னாரின் கணவரும் இன்னாரின் தகப்பனாரும் இன்னாரின் மாமனாருமாகிய இன்னார் இன்று இயற்கை எய்தினார் என்று மைக்கில் சொல்லி முடித்தால்தான் அவர் செத்தவர். ஒருமுறை சங்கையாவுக்குத் தொண்டை கட்டிப் பேச்சு வராமல் போனபோது, அரிசி ஆலை முதலாளி பொன்னுரங்கம் நெற்றியில் காசு ஒட்டிக் கிடந்தும், வந்தவர்கள் எல்லாம் "என்ன மொதலாளி, ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள், அவரும் சங்கையாவின் தொண்டை திறக்கும்வரை லேசாக மூச்சு விட்டபடி காத்துக் கிடந்தார். தண்ணீர் திறக்கும் நேரம், கோயில் கொடைத் திருவிழா, காணாமல்போன கன்றுக்குட்டி எல்லாம் அப்படித்தான். நடந்தது வேறு, சங்கையா சொன்னது வேறு என்று பிரித்துப் பார்க்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை.

சங்கையாவுக்கும் ராமலட்சுமிக்கும் ஒரே மகள் கற்பகவல்லி. மைக்செட் கடையின் பரணில், பழைய ஆம்ப்ளிஃபயர்களுக்கும் சீரியல் விளக்குச் சுருள்களுக்கும் நடுவே உட்கார்ந்து செல்போனில் சுட்டுக்கொண்டிருந்த பிள்ளை. ஒரு தீவில் நிறையப் பேர் இறங்குவார்கள், துப்பாக்கி தேடுவார்கள், ஒருவரையொருவர் சுடுவார்கள், நிற்கிற இடம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் மிஞ்சுகிற அணி ஜெயித்த அணி, விளையாட்டு அவ்வளவுதான். அதில் அவளுக்குப் பெயர் மொளகா. ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்திராத நான்கு பெண்கள், நான்கு ஊர்களில் இருந்துகொண்டு, காதில் மாட்டிய ஹெட்போனில் மட்டும் பேசி ஆடி, ஒவ்வொரு சுற்றாக ஜெயித்து, சென்னையில் நடக்கும் இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார்கள். பொட்டப்பிள்ளைக்கு எதுக்குய்யா செல்போனு என்று சங்கையாவின் முகத்துக்கு நேரே கேட்டவர்கள்தான், இப்போது பஸ் ஸ்டாண்டு முகப்பை மறைத்து அவளுக்கு ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் அவள் படத்தைவிடப் பேரூராட்சித் தலைவர் ஆத்தியப்பன் படம் பெரிதாக இருந்தது. அதைச் சொல்லிக் குறைபட்டுக்கொள்ள அப்போது யாருக்கும் மனசு வரவில்லை.

வம்பு அரையிறுதியில் ஆரம்பித்தது. நேரலை என்று பேர்தானே தவிர, இந்தப் போட்டிகளைக் கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டுவார்கள். அப்படியே உடனுக்குடன் காட்டினால், எதிர் அணிக்காரர்களுக்கு வேண்டப்பட்டவன் எவனாவது பார்த்து, இன்னாள் இன்ன புதருக்குப் பின்னால் படுத்திருக்கிறாள் என்று காட்டிக்கொடுத்துவிடுவான். அரையிறுதியில் அந்தத் தாமதம் போதவில்லை. எவனோ காட்டிக்கொடுத்தான். கற்பகவல்லி படுத்திருந்த இடத்தைத் தேடி நேராக நடந்து வந்து சுட்டார்கள், அவள் மயிரிழையில் தப்பினாள். வாரச்சந்தைத் திடலில் தன் சொந்தத் திரையைக் கட்டி ஊரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சங்கையா, மகளை மறைக்கிறவர்போல எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். விளையாட்டுதான், பொய்த்துப்பாக்கிதான் என்பதெல்லாம் தெரியும், தெரிந்தும் நின்றார்.

இறுதிப் போட்டி அன்று காலையில், ஒளிபரப்பைக் கவனிக்கிற பையனின் எண்ணை எப்படியோ வாங்கி, சங்கையா அவனிடம் பேசினார்.

"தம்பி, தாமதம் எவ்வளவு வைப்பீக?"

"எப்பவும் வைக்கிறதுதான் சார்."

"அது பத்தாது தம்பி. கூட வைங்க. எம் பிள்ளைய ஒருத்தரும் எட்ட முடியாத அளவுக்கு வைங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "சரி சார், வச்சிடலாம்," என்றான். தகப்பன் மனசு, ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று சொல்லியிருப்பான். ஆனால் எந்த வார்த்தை எந்த நேரத்தில் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது.

அன்று சாயங்காலம் ஆட்டம் ஆரம்பித்தது. திடல் முழுக்கத் தலைகள். கற்பகவல்லியின் கூட்டாளிகள் மூன்று பேரும் ஒருவர்பின் ஒருவராகச் சுடப்பட்டு வெளியேற, அவள் மட்டும் மிஞ்சி, ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காய்ந்த புல்லுக்குள் படுத்திருந்தாள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்தில் அவள் முகம், பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியில் முடி ஒட்டிக்கொண்டு. எதிராளிகள் நெருங்கும்போதெல்லாம் ஊரே எழுந்து நின்று, "செத்துராத தாயி, செத்துராத," என்று வேண்டியது. அப்படி வேண்டும்போது படம் ஒருகணம் நிற்கும், பிறகு நகரும். கனெக்ஷன் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்கள். விடிந்த பிறகும் அவள் புல்லுக்குள்தான் படுத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம், சென்னையிலிருந்து வந்த பஸ் கண்டக்டர், "என்னப்பா ஒங்க ஊர்ப் பிள்ளை இப்படிப் பண்ணிப்போட்டுது," என்று ஆரம்பித்தபோது, திடலில் இருந்தவர்கள் ஓடிப்போய் அவர் வாயைப் பொத்தினார்கள். வெளியூரில் எல்லாம் ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டது. கோப்பை கொடுத்து, கை குலுக்கி, மண்டபத்தைக் காலி செய்து, கூட்டிப் பெருக்கிப் பூட்டியும் விட்டார்கள். கற்பகவல்லி மட்டும் வந்து சேரவில்லை. கூட ஆடியவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவளும் ஆட்டம் முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனதை எல்லாரும் பார்த்தார்களாம். எங்கே போனாள் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை.

சங்கையா சென்னைக்குப் போய் அந்த மண்டபத்தின் நாலு மூலையிலும் தேடினார். வெறும் மண்டபம், அங்கே வேறெதுவோ வியாபாரக் கண்காட்சிக்குத் தடுப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எழுதிக்கொள்ள உட்கார்ந்த ஏட்டய்யா, சங்கையாவின் செல்போனில் தும்பைச்செவல்காரர் ஒருவர் திடலிலிருந்து வீடியோ காலில் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிவிட்டார். "இந்தா இருக்காளே. கண்ணு முன்னால ஆடிக்கிட்டு இருக்கிற பிள்ளையக் காணோம்னு எப்படிய்யா எழுதுறது?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பு சொல்ல முடியாது.

ஆக, உலகத்துக்கு முடிந்த ஆட்டம் தும்பைச்செவலுக்கு மட்டும் முடியவில்லை. அவள் அந்தச் சாயங்காலத்துக்குள்ளேயே இருந்தாள், ஊர் அதைவிட்டு விலகிக்கொண்டே இருந்தது. சித்திரையில் அவள் குண்டு நிரப்ப ஆரம்பித்தாள், வைகாசியில் நிரப்பி முடித்தாள். ஆனி முழுக்க அவள் ஒருமுறை கண்ணை இமைத்தாள். இமை இறங்கும்போது மேற்குக் காட்டில் விதைத்தவர்கள், இமை ஏறும்போது முளைப்பைப் பார்த்தார்கள். ஊர் இதற்குப் பழகிக்கொண்டது. எதற்குத்தான் பழகவில்லை மனுஷன்? மின்வாரியத்தில் பேசித் திடலுக்குப் போகும் லைனில் கரண்டு நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். திரை மழையில் நனையாமல் தகரக் கூரை போட்டார்கள். வாரச்சந்தையைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். கல்யாணமான ஜோடிகள் கோயிலுக்குப் போன கையோடு திரைக்கும் வந்து கும்பிட்டார்கள். பிள்ளைப்பேறு இல்லாதவர்கள் தகரக் கூரையின் கம்பியில் தொட்டில் கட்டினார்கள், இரண்டொருவருக்குப் பலித்தும்விட்டது. மிளகாய் வற்றல் மாலை போடுகிற வழக்கம் யார் ஆரம்பித்ததென்று தெரியாது. திடலுக்குள் நுழைந்தால் தும்மல் வரும், அந்தத் தும்மலையே அருள் என்றார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஏற்பாடு, முடிவைச் சொல்லக் கூடாது என்பது. பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வெளியூர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். செல்போனில் அந்தப் பழைய செய்தியைத் தேடிப் பார்ப்பவன் தன் அம்மாவின் தாலியை அறுத்தவனுக்குச் சமம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். கற்பகவல்லி இருக்கிறவரை ஊர் தோற்கவில்லை. இத்தனை தலைமுறையாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் எதிலெல்லாம் ஜெயித்தார்களோ, தாலுகா ஆபீசு, ரயில் நிற்கிற ஸ்டேஷன், கல்லூரி என்று எதையெல்லாம் தட்டிக்கொண்டு போனார்களோ, அதையெல்லாம் இந்த ஒன்றில் தும்பைச்செவல் நேர் செய்துகொண்டிருந்தது. யாரும் தோற்கடிக்க முடியாத பிள்ளை. வெளியூர்க்காரர்கள் வண்டி பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சங்கையாவும் ராமலட்சுமியும் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. எப்படிப் பழகுவார்கள், அது அவர்களுக்குப் பிள்ளை. ராமலட்சுமி தினமும் மகளுக்கும் சேர்த்தே உலை வைத்தாள். சாயங்காலமானதும் அந்தச் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். சங்கையா தினமும் மகளின் செல்போனுக்கு அடித்துப் பார்த்தார். மணி போகும், எடுக்கமாட்டாள். ஆடிக்கொண்டிருக்கிற பிள்ளை எப்படி எடுக்கும் என்று தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் அடிப்பார். திடலில் கூட்டம் குறைந்த மத்தியான வெயிலில், திரைக்குக் கிட்டே போய் நின்று, மூலைக் கட்டத்தில் இருக்கும் அந்த முகத்தைப் பார்த்தபடியே இருப்பார். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக்கூட இல்லை, எத்தனை மாதமாக. அதை நினைத்தபோது அவருக்குத் தாகமே எடுக்காமல் போனது, மெலிந்துபோனார், தலை மொத்தமும் வெளுத்தது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், ஜன்னத் என்ற பெண் வந்தாள். கடையநல்லூர்க்காரி, நான்கு பேர் அணியில் ஒருத்தி. கற்பகவல்லியோடு வருஷக்கணக்காகக் காதுக்குள் பேசியவள். திடலைத் தாண்டி வரும்போது முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு வந்திருந்தாள், திரையைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அங்கிள், இதைச் சொல்லலாமா கூடாதான்னு தெரியல. ஊருக்குள்ள சொல்லக் கூடாதுன்னு பஸ் ஸ்டாண்டுலயே கைய எடுத்துக் கும்பிட்டாங்க."

"சொல்லு தாயி," என்றாள் ராமலட்சுமி, சங்கையா வாய் திறப்பதற்குள்.

"நாலாவது எடம் அங்கிள். அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால ஒருத்தன் இருந்தான். அவளுக்கும் தெரியும், அவன் வெளிய வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தா. அவன அடிச்சிட்டா மிச்சம் இருந்தவங்களையும் முடிச்சு ஜெயிச்சிருப்பா. கடைசி நேரத்துல என்னாச்சுன்னே தெரியல. யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி தலையத் தூக்கித் திரும்பிப் பாத்தா. அந்த ஒரு நொடியில அடிச்சுட்டான்."

ஜன்னத் முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அன்னைக்கு எல்லாமே ஒருமாதிரிதான் இருந்துச்சு அங்கிள்," என்றாள். "அவ பையிக்குள்ள போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நிக்காம. நடுவர் எடுத்துப் பாத்தாரு, அப்பான்னு இருந்துச்சு. ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, எண்ண முடியாத அளவுக்கு. நீங்க அன்னைக்கு அவ்வளவு தடவையா அடிச்சீங்க?"

ஆட்ட நேரத்தில் பிள்ளைக்கு இடைஞ்சலாகக் கூடாதென்று, அன்றைக்கு ஒருமுறைகூட அடிக்கவில்லை சங்கையா. அதை யோசிக்கவும் அப்போது அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, ஏனென்றால் ராமலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள்.

"அப்ப தோத்துட்டு எந்திரிச்சாத்தான எம் பிள்ள வீட்டுக்கு வரும்," என்றாள். "இந்த ஊரு விடுதா? ஒவ்வொரு தடவையும் செத்துராத செத்துராதன்னு பிடிச்சு வச்சிருக்குது. நீங்களும் சேந்துதான். போங்க. போயி மைக்கில சொல்லிருங்க."

"என்னத்தச் சொல்ல?"

"தோத்துட்டான்னு சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான இந்த ஊர்ல எதுவும் நடக்கும்."

சங்கையா நேராக மைக்கைப் பிடிக்கவில்லை. வெள்ளந்தி மனுஷர், முதலில் ஊர்க்கூட்டத்தில் போய்க் கேட்டார். வேப்பமரத்தடியில் எல்லாரும் உட்கார்ந்திருக்க, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, எம் பிள்ளைய விட்டுருங்கய்யா என்று கேட்டார். அந்த வார்த்தையைக் கேட்டுச் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஆனாலும் யாரும் சரி என்று சொல்லவில்லை.

ஆத்தியப்பன்தான் பேசினார். "சங்கையா, ஒன் வேதன எங்களுக்குத் தெரியாமலா இருக்கு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு. இப்ப அவ ஒனக்கு மட்டுமா பிள்ள? ஊரு பிள்ளைல்லா? எத்தன பேரு அவள நம்பி இருக்கான். கண்ணு முன்னால உசுரோட இருக்கா, ஒரு நோய் இல்ல, நொடி இல்ல, வயசுகூடக் கூடல. எந்தத் தகப்பனுக்கு இப்படி வாய்க்கும்?"

"அவ இன்னும் சாப்பிடல அண்ணாச்சி," என்றார் சங்கையா. கூட்டம் கலைந்தபிறகு, அவருக்குத் தெரியாமல் கடைக்குப் போய் மைக்குகளை எல்லாம் எடுத்து ஆத்தியப்பன் வீட்டு மச்சில் பூட்டி வைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. இருக்கிற இந்த ஒன்றையும் விட்டுக்கொடுத்தால் அவர்களுக்கு வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் மைக்செட்காரன் வீட்டில் மைக் இல்லாமலா போகும். கற்பகவல்லி குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பாட வாங்கிக் கொடுத்த ஒரு மைக், பரணில், வயர் நைந்து, துணியில் சுற்றிக் கிடந்தது. ராமலட்சுமி அதைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். கோயில் கொடைக்கென்று தெருவெங்கும் வேப்பமரங்களிலும் கரண்டுக் கம்பங்களிலும் கட்டியிருந்த குழாய்கள் அவிழ்க்காமல் அப்படியே இருந்தன. மறுநாள் முற்பகல், ஊர் திடலில் குந்தியிருந்த நேரம் பார்த்து, சங்கையா கடைக்குள் உட்கார்ந்து வயரைச் சொருகினார். கடை வாசலிலிருந்து பார்த்தால் திரை தெரியும். அவள் புல்லுக்குள் படுத்திருந்தாள்.

மைக்கைத் தட்டினார். ஊதினார். தெருவெல்லாம் அவருடைய மூச்சு கேட்டது. திடலில் தலைகள் திரும்பின.

தோல்வியை எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. அவர் தொண்டைக்குப் பழகிய அறிவிப்பு ஒன்றுதான். அதைத்தான் ஆரம்பித்தார்.

"தும்பைச்செவல் பொதுமக்களுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால். மைக்செட் சங்கையா, ராமலட்சுமி ஆகியோரின் ஏக புதல்வியும், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் அமரர் மாடசாமியின் பேத்தியுமாகிய, செல்வி கற்பகவல்லி…"

திரையில் அவள் கண் அசைந்தது. மாதக்கணக்கில் அசையாத கண். குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருத்தெருவாக அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு போக, கடைசிக் குழாயில் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தபோது, அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். யார் கூப்பிட்டது என்று பார்ப்பதுபோல, பள்ளிக்கூடத்து வாசலில் அப்பாவின் ஆட்டோ சத்தம் கேட்டால் எப்படித் திரும்புவாளோ அப்படி, திரும்ப ஆரம்பித்தாள்.

சங்கையாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நிற்காமல் அடித்த அந்தப் போன் இத்தனை மாதமும் தினம் தினம் அவர் அடித்ததுதான் என்பதும், யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தாளே அந்தக் குரல் யாருடையது என்பதும், எல்லாம் ஒரே இழுப்பில் புரிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒருவன் இருந்தான். இன்னும் அவன் வெளியே வரவில்லை. இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டால் அவள் திரும்பமாட்டாள், அவன் வெளியே வருவான், அவள் சுடுவாள். அவள் ஜெயிக்கலாம். ஜெயித்து எந்தக் காலத்தில் வீட்டுக்கு வருவாள் என்று யாருக்குத் தெரியும், இந்த ஊரில் ஆட்டம் நகர்கிற வேகத்தில் அவள் விரல் துப்பாக்கிக் குதிரையை அமுக்கி முடிக்கும்போது சங்கையா மண்ணோடு மண்ணாகியிருப்பார், ராமலட்சுமியும்தான். ஆனாலும் அவள் ஜெயிப்பாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை அது. திடலிலிருந்து ஆட்கள் கடையைப் பார்த்து ஓடிவந்துகொண்டிருந்தார்கள். ஆத்தியப்பன், "சொல்லாத சங்கையா, ஒன்னக் கையெடுத்துக் கும்புடுதேன், சொல்லாத," என்று மூச்சிரைக்க வந்தார்.

ராமலட்சுமி வாசலை மறித்து நின்றுகொண்டாள். சங்கையா கண்ணை மூடிக்கொள்ளவில்லை, திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"…இறுதிப் போட்டியில் நாலாவது இடம் பெற்றுத் தோத்துட்டா. எம் பிள்ள தோத்துட்டா. பொதுமக்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போங்க."

அவள் முகம் முழுசாகத் திரும்பியது. குண்டு பட்டது. அத்தனை மாதமும் தேங்கிக் கிடந்தது மடை உடைத்ததுபோல் திரையில் ஓடியது. மிச்ச ஆட்டம், யாரோ குதித்தது, வண்ணக் காகிதம் கொட்டியது, கோப்பை, கை தட்டல் எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டன. அதன் நடுவே மூலைக் கட்டத்தில் ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள், இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், எழுந்து போனாள். காலி நாற்காலி கொஞ்சம் ஆடி நின்றது. பிறகு திரை கறுத்துவிட்டது. மிளகாய் மாலைகள் மட்டும் காற்றில் கலகலத்தன.

சங்கையாவை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வந்தவர்கள் வந்த வேகத்தில் நின்றார்கள், அவரைப் பார்த்தார்கள், திரும்பி நடந்தார்கள். தொட்டில் கட்டியிருந்த ஒருத்தி, போகிற போக்கில் மண்ணை வாரிக் கடை வாசலில் இறைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம் கேட்டது. டீக்கடைகூட அடைத்துவிட்டார்கள்.

ராமலட்சுமி அடுப்பைப் பற்ற வைத்தாள். சங்கையா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் உட்கார்ந்தார். வருவாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வராமல் போனால் இரண்டும் போச்சு, அவள் ஜெயிப்பும் போச்சு, தினம் பார்த்துக்கொண்டிருந்த அந்த முகமும் போச்சு, தன் வாயாலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டோம் என்று நினைத்து நினைத்து, உட்கார முடியாமல் எழுந்து, நிற்க முடியாமல் உட்கார்ந்து, ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த பஸ்களில் யார் யாரோ இறங்கினார்கள். வெயில் சாயும் நேரத்தில் வந்த ஒரு பஸ்ஸில், போட்டிக்குப் போட்டுப்போன, முதுகில் மொளகா என்று எழுதிய அதே பனியனோடு, தோளில் அதே பையோடு, அழுது வீங்கிய முகத்தோடு கற்பகவல்லி இறங்கினாள். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் தூங்காமல் வந்தவள் மாதிரி இருந்தாள். அவளுக்கு நேற்றுத்தான் எல்லாம் நடந்தது.

அவர் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைத்தான் முதலில் நீட்டினார். வாங்கி நிறுத்தாமல் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு, அவர் தலையையே பார்த்தாள்.

"யப்பா, ஒங்க முடி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"அது கெடக்கு. பையக் குடு."

பையைக் கொடுக்காமல் நின்றாள். "ஒங்க சத்தம் கேட்டுச்சுப்பா எனக்கு," என்றாள். "எனக்குப் பின்னாலருந்து. இந்த எழவுச் சேதி சொல்லுவீகள்ல, அதே மாதிரி, எம் பேரச் சொன்னீக. தோத்துட்டான்னு சொன்னீக. அப்ப நான் தோக்கவே இல்லப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல அவன் வெளிய வந்திருப்பான். நான் ஜெயிச்சிருப்பேன். நீங்கதானா அது?"

மைக்கில் ஒரு பொய் சொன்னதில்லை சங்கையா. மைக் இல்லாதபோதும் மகளிடம் சொன்னதில்லை.

"நாந்தான் தாயி," என்றார்.

ஏன் என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ. அவள் கேட்கவில்லை, பையை மட்டும் அவர் கையில் கொடுத்தாள். இருவரும் நடந்தார்கள். பஜாரில் ஒரு ஆள் நடமாட்டம் இல்லை. மேலத்தெருவில் அத்தனை கதவும் சாத்தியிருந்தது, சாத்திய கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் இருப்பது தெரிந்தது, யாரோ விசும்புவதுகூடக் கேட்டது. தும்பைச்செவலில் ஊரே இப்படி அடைத்துக்கொள்வது எப்போது என்று அந்த ஊரில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா. நடையை நிறுத்தி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்.

"யாருப்பா செத்துப்போனது?"

"யாரும் சாகல," என்றார் சங்கையா. "நட. அம்மா சோறு வச்சிருக்கா."

மைக் இல்லாமல் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. பிடித்த கையை மட்டும் வீடு வருகிறவரை விடவில்லை.